காலையில மேற்கே, திரும்பும்போது கிழக்கே: ஆலங்குளத்துல இருந்து ஒரு சைக்கிள் கணக்கு

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நானும் என் ஃப்ரெண்டும் ஆலங்குளத்துல இருந்து வெம்பக்கோட்டைக்கு சைக்கிள்ல கிளம்பினோம். பத்து கிலோமீட்டர்தான். போகும்போது கால் மணி, பத்து நிமிஷம், அவ்வளவுதான். மிதிக்கிற மாதிரியே தெரியல. "நம்மகிட்ட இவ்வளவு ஸ்டாமினா இருக்கா மாப்ள"ன்னு ரெண்டு பேருக்கும் ஒரே பெருமை. பதினோரு மணிக்குத் திரும்பினோம். ஒரு மணி நேரம் மிதிச்சும் ஊர் வரல. கையில தண்ணி இல்ல, தலைக்கு மேல வெயில், முகத்துக்கு நேரா காத்து. பாதி வழி தாண்டி ஃப்ரெண்ட் ரோட்டோரம் உக்காந்து வாந்தி எடுத்துட்டான். டீக்கடை வச்சிருந்த பெரியவர் ஒருத்தர்தான் உப்புப் போட்டு மோர் குடுத்து, ரெண்டு சைக்கிளையும் ஒரு குட்டியானையில ஏத்திவிட்டார். ஏத்தும்போது அவர் கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு: "காத்து காலத்துல கிழக்க போனா எப்படிய்யா திரும்பி வருவீங்க?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். நம்ம பக்கத்துல சைக்கிள் ஓட்ட அருமையான, சத்தமில்லாத ரோடுகள் இருக்கு. ஆனா எந்த ரோடுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி எந்தத் திசை, எந்த நேரம், எந்த மாசம்னு பார்க்கணும்.

முதல்லயே சொல்லிடுறேன். இது தென்காசி பக்கம் இருக்கிற ஆலங்குளம் இல்ல. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்துல, 1970ல உற்பத்தி தொடங்கின அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். மேப்ல வெறும் "ஆலங்குளம்"னு போட்டா அது உங்களை வேற மாவட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிடும்.

காத்துதான் நம்ம ஊரு மலை

ஆலங்குளத்துல நின்னு மேற்கே பார்த்தா நீல நிறத்துல மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். மலையைப் பார்த்ததும் ஏத்தம்தான் கஷ்டம்னு நினைப்போம். உண்மையில மலையடிவாரம் வரைக்கும் ரோடு பெரும்பாலும் சமம்தான். மேற்கே இருந்து கிழக்கே லேசான சரிவு உண்டு. அதனாலதான் மலைத்தண்ணி கண்மாய் கண்மாயா நிரம்பி, வைப்பாறா மாறி, கிழக்கே மன்னார் வளைகுடாவுல போய்ச் சேருது. அந்தச் சரிவு கண்ணுக்குத் தெரியாது, கால்ல மட்டும் கொஞ்சம் தெரியும்.

பெரிய விஷயம் காத்து. ஆனி, ஆடி, ஆவணியில தென்மேற்குப் பருவக்காத்து செங்கோட்டைக் கணவாய் வழியா உள்ள புகுந்து மேல்காத்தா அடிக்கும். இப்போ ஒரு கணக்குப் போடுவோம். ஆள் 65 கிலோ, சைக்கிள் 20 கிலோ, மொத்தம் 85 கிலோ. டயர் உருளும்போது வர்ற தடைக்கு 0.01ன்னு எடுத்துக்குவோம். நிமிர்ந்து உக்காந்து ஓட்டுற ஆளுக்குக் காத்துத் தடைக்கான பரப்பு (கெழுவையும் சேர்த்து) 0.6 சதுர மீட்டர்.

காத்தே இல்லாத சம ரோட்டுல மணிக்கு 15 கி.மீ. போக ஏறத்தாழ 60 வாட் போதும். சாதாரண ஆளால ஒரு மணி நேரம் தாராளமா குடுக்க முடியும்.

எதிர்ல 20 கி.மீ. வேகத்துல காத்து அடிச்சா, அதே 15 கி.மீ. வேகத்துக்கு 175 வாட் வேணும். மூணு மடங்கு! பழக்கம் இல்லாத கால் சீக்கிரமே கைவிட்டுடும்.

அதே 60 வாட்டை வச்சுக்கிட்டா? எதிர்காத்துல வேகம் 7 கி.மீ. சொச்சத்துக்கு விழுந்துடும். பின்காத்துல 24 கி.மீ. வரைக்கும் போகும். அதாவது பத்து கிலோமீட்டர் போக 25 நிமிஷம், திரும்ப 80 நிமிஷம். எங்க ஆடி மாசக் கதை அப்படியே இந்தக் கணக்குல இருக்கு. நாங்க பெருமைப்பட்ட ஸ்டாமினா எங்களோடது இல்ல, காத்தோடது.

இன்னொரு மாதிரி சொன்னா, இந்த 20 கி.மீ. எதிர்காத்து கூடுதலா குடுக்கிற தடை, 3 சதவீதத்துக்கு மேல ஏத்தம் ஏறுறதுக்குச் சமம். அதுவும் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு, நடுவுல இறக்கமே இல்லாத ஏத்தம். மலை ஏத்தத்துக்காவது உச்சின்னு ஒண்ணு இருக்கு.

இதுல இருந்து வர்ற விதி சின்னது. காத்து காலத்துல காலை அஞ்சரைக்கு மேற்கே கிளம்பு. விடியக்காலையில காத்து அடங்கி இருக்கும், உடம்பு புதுசா இருக்கும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். பத்து மணிக்கு உடம்பு அசந்து திரும்பும்போது சரிவும் பின்காத்தும் சேர்ந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவரும். கிழக்கே போற ரூட்டை மார்கழி, தையில வச்சுக்கோ. அப்போ வாடைக்காத்து வடகிழக்குல இருந்து வரும். போகும்போது எதிர்காத்து, வரும்போது பின்காத்து.

எந்த ஊருல இருந்தாலும் இதே விதிதான்: கஷ்டமான பாதியை முதல்ல முடி.

உங்க வீட்டுல இருக்கிற சைக்கிளே போதும்

கியர் சைக்கிள் இல்லையேன்னு யாரும் தயங்க வேண்டாம். பிளஸ் ஒன்ல அரசு குடுத்த சைக்கிள் நம்மள்ல பாதிப் பேர் வீட்டுல மாடிப்படிக்குக் கீழ துருப்பிடிச்சுக் கிடக்கு. 2001-02ல பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு அப்புறம் எல்லாருக்கும் விரிஞ்ச திட்டம் அது. அந்தச் சைக்கிள் இந்த ரோடுக்குச் சரியா பொருந்தும். டயர் தடி, மட்கார்டு உண்டு, பின்னாடி கேரியர் உண்டு.

ஒரே ஒரு மாத்தம் செய்யலாம். என் சைக்கிள்ல முன் பல்சக்கரம் 44 பல், பின்னாடி ஃப்ரீவீல் 18 பல். ஒரு சுத்து மிதிச்சா ஏறத்தாழ 5 மீட்டர் போகும். ஃப்ரீவீலை 22 பல்லுக்கு மாத்தினேன். இப்போ ஒரு சுத்துக்கு 4.1 மீட்டர்தான். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா 18 கி.மீ.க்குப் பதிலா 15 கி.மீ. வேகம், ஆனா பின் சக்கரத்துக்குக் கிடைக்கிற முறுக்கு விசை 22 சதவீதம் அதிகம். எதிர்காத்துலயும் அடிவார ஏத்தத்துலயும் இறங்கித் தள்ள வேண்டியதில்ல. சைக்கிள் கடை அண்ணனே செயின்ல ஒண்ணு ரெண்டு கண்ணி சேர்த்து மாட்டிக் குடுத்துடுவார். அப்படியே சீட்டையும் உயர்த்தச் சொல்லுங்க. பெடல் கீழ இருக்கும்போது முழங்கால் லேசா மட்டும் மடங்கி இருக்கணும். சீட் தாழ்வா வச்சு ஓட்டித்தான் நிறைய பேருக்கு முட்டி வலி வருது.

ரூட் 1: ஆலங்குளம் – சத்திரப்பட்டி – ராஜபாளையம் – அய்யனார் கோயில்

*ஆனி முதல் ஆவணி வரை, விடியக்காலையில*

மலையைப் பார்த்துக்கிட்டே போற ரூட் இது. கிளம்புற இடத்துல கரிசல் மண். மக்காச்சோளம், பருத்தி, நடுவுல சீமைக்கருவேலம். மேற்கே போகப் போக மண்ணோட நிறம் மாறும். ராஜபாளையம் தாண்டினா செம்மண், தென்னை, மாந்தோப்பு. பஸ்ல போனா இது கண்ணுல படாது. சைக்கிள்ல போனா காத்தோட வாசனையே மாறுறது தெரியும்.

நடுவுல சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுற பேண்டேஜ் துணி இங்கயும் பக்கத்துல சமுசிகாபுரம், சங்கரபாண்டியாபுரம், அய்யனாபுரம் ஊர்கள்லயும்தான் விசைத்தறியில நெய்யுறாங்க. விடியக்காலையில தெருவுக்குள்ள போனா தறிச் சத்தம் ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டே வரும். முதல் தடவை போறவங்க இங்கேயே ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பிடலாம். அதுவே நல்ல தூரம்.

தெம்பு இருக்கிறவங்க ராஜபாளையத்துக்குள்ள போய், முடங்கியாறு ரோட்டுல மேற்கே திரும்புங்க. 1949ல இருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்தோட முதல்வரா இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜாவோட ஊர் இது. ஊரைத் தாண்டினதும் ரெண்டு பக்கமும் தோப்பு. சித்திரை, வைகாசியில போனா சப்பட்டை மாம்பழம் ரோட்டோரமே கிடைக்கும். ஆறாவது மைல் குடிநீர்த் தேக்கம் தாண்டி அய்யனார் கோயில் வரும். ராஜபாளையத்துல இருந்து பத்து, பன்னெண்டு கிலோமீட்டர். கடைசிப் பகுதியிலதான் உண்மையான ஏத்தம்.

அங்கே இருந்து காடு. 1988ல சாம்பல் நிற அணில்களுக்காக அறிவிச்ச சரணாலயம், 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ள வந்தது. வனத்துறை கேட் எங்கே இருக்கோ அங்கே நிறுத்திடுங்க. விடச் சொல்லி வாக்குவாதம் பண்ணாதீங்க. அடிவாரத் தோப்புகளுக்கு யானை இறங்குறது உண்டு. இருட்டுலயும் பொழுது சாயும்போதும் அந்தப் பக்கம் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

ரூட் 2: ராஜபாளையம் – மம்சாபுரம் – ஸ்ரீவில்லிபுத்தூர்

*ஐப்பசி, கார்த்திகை தவிர எப்போ வேணும்னாலும்*

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல எல்லாரும் போறது கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் உரசிக்கிட்டுப் போற அந்த ரோட்டுல சைக்கிளை இறக்காதீங்க. மேற்கே தள்ளி மம்சாபுரம் வழியா இன்னொரு ரோடு இருக்கு. தூரம் கொஞ்சம் கூட, 15 கி.மீ. சொச்சம். ஆனா இடது கை பக்கம் மலை கூடவே வரும், கண்மாய், வயல், தோப்புன்னு மாறி மாறி வரும். இந்த ரூட் தெற்கு வடக்கா போறதால மேல்காத்து பக்கவாட்டுல அடிக்கும். கண்மாய்க்கரை மேல போகும்போதும், தோப்பு முடிஞ்சு வெட்டவெளி வர்ற இடத்துலயும் ஹேண்டிலைக் கெட்டியா பிடிங்க, சைக்கிள் சட்டுன்னு ஒதுங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது ஆண்டாள் கோயிலோட பதினோரு நிலைக் கோபுரம்தான் வழிகாட்டி. தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிற கோபுரம் இதுதான்னு ஊர்க்காரங்க மார்தட்டுவாங்க. கோயிலைச் சுத்தி இருக்கிற கடைகள்ல பால்கோவா வாங்குங்க. 2019ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா. ஆடிப்பூரத் தேரோட்டம் நடக்கிற வாரத்துல மட்டும் சைக்கிள் வேண்டாம், கூட்டத்துல நகர முடியாது.

நேரம் இருந்தா இங்கே இருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர் அளவுல செண்பகத்தோப்பு. அங்கேயும் வனத்துறை விதிதான். வடக்கே வத்திராயிருப்பு, பிளவக்கல் அணை, 2025ல ரீல்ஸ்ல பிரபலமான கூமாபட்டி எல்லாம் இருக்கு. அதை ரெண்டாவது நாள் பயணமா வச்சுக்கோங்க.

ஐப்பசி, கார்த்திகையை ஏன் தவிர்க்கணும்? அடிவார ரோட்டுல நிறைய இடத்துல பாலம் கிடையாது, தரைப்பாலம்தான். மலையில மழை பெஞ்சா, கீழ வெயில் அடிக்கும்போதே ஓடையில தண்ணி வந்துடும். முழங்கால் ஆழம் ஓடுற தண்ணி ஆளையும் சைக்கிளையும் சேர்த்து இழுத்துடும். தரைப்பாலத்துல செம்மண் நிறத்துல தண்ணி ஓடினா, ஆழம் பார்க்காம திரும்பிடுங்க.

ரூட் 3: ஆலங்குளம் – வெம்பக்கோட்டை

*மார்கழி, தை, மாசி*

எங்களைக் கவுத்த அதே ரூட். மாசம் மாறினா இதைவிட சுலபமான ரூட் இல்ல. போக பத்து, வர பத்து.

வெம்பக்கோட்டையில வைப்பாறு, அதுக்குக் குறுக்கே அணை. பக்கத்துல விஜயகரிசல்குளம் மேடு. 2022 மார்ச்ல தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு தொடங்குச்சு, அடுத்தடுத்த வருஷங்கள்லயும் தொடர்ந்தது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொருட்கள், சின்னச் சின்னத் தங்கத் துண்டுகள் எல்லாம் கிடைச்சிருக்கு. சங்கு கடல்ல கிடைக்கிற பொருள். கடல் இங்கே இருந்து ரொம்பத் தூரம். நீங்க நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஓடுற ஆறு மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகுதுங்கிறதை அங்கே நின்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நம்ம இந்த ஊர் ரோடு எதுவும் புதுசு இல்லன்னு தோணும்.

தோண்டின குழிகளுக்குள்ள இறங்காதீங்க. மேட்டுல கிடக்கிற ஓட்டை ஞாபகார்த்தமா எடுத்துட்டு வராதீங்க. எந்த அடுக்குல கிடந்ததுங்கிறதுதான் அதோட தகவலே. உங்க ஷெல்ஃபுல அது வெறும் ஓடு.

கரிசல் ரோடு செய்யுற வேலை

சிவில் டிபார்ட்மெண்ட் மக்களுக்கு இது தெரியும். கரிசல் மண்ணுல மாண்ட்மோரில்லோனைட்னு ஒரு களிக்கனிமம் இருக்கு. மழையில தண்ணி குடிச்சு உப்பும், கோடையில சுருங்கி வெடிக்கும். மேல போட்ட தார் ரோடும் கூடவே ஏறி இறங்கும். அதனாலதான் நம்ம பக்கத்து ரோடு புதுசா போட்ட ரெண்டே வருஷத்துல அலை அலையா ஆகிடுது.

சைக்கிள்காரனுக்கு ஆபத்து அலையில இல்ல, வெடிப்புலதான். ரோட்டு ஓரத்துல மண் சீக்கிரம் காயும், நடுவுல மெதுவா காயும். அதனால வெடிப்பு ஓரத்துல, ரோடு போற திசையிலேயே நீளமா விழும். குறுக்கு வெடிப்பு ஒரு குலுக்கலோட போயிடும். நீள வெடிப்புல முன் சக்கரம் இறங்கினா ஹேண்டில் திரும்பாது, ஆள் விழுவான். வண்டிக்கு வழி விடுறோம்னு ரேழியில ஒட்டுற மாதிரி ஓரத்துல ஒட்டாதீங்க. ஓரத்துல இருந்து ஒரு முழம் தள்ளியே ஓட்டுங்க. மழை பெஞ்ச மறுநாள் மண்பாதையில இறங்கவே கூடாது. மட்கார்டுக்குள்ள கரிசல் அப்பிக்கிட்டா சக்கரம் சுத்தாது, தூக்கிக்கிட்டுத்தான் நடக்கணும்.

பஞ்சர் உறுதி. கருவேல முள் அப்படி. ஒரு டியூப், கைப்பம்ப், ஒட்டு டப்பா, டயர் கழட்ட ரெண்டு நெம்புகோல் இல்லாம கிளம்பாதீங்க.

இந்த ரோடு காலியா இல்ல

சத்தமில்லாத ரோடுன்னு சொன்னேன். ஆளில்லாத ரோடுன்னு சொல்லல.

காலை ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் பட்டாசு ஆலை, மில் கம்பெனி வேன்கள் ஆள் ஏத்திக்கிட்டு ஓடும் நேரம். ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு டிரைவர் விரட்டுவார். அந்த நேரத்துல நீங்க மேற்கே போய்க்கிட்டு இருந்தா, எதிர்ல வர்ற டிரைவரோட கண்ணுல சூரியன் அடிக்கும், நீங்க தெரிய மாட்டீங்க. பளிச்சுன்னு மஞ்சளோ ஆரஞ்சோ சட்டை போடுங்க. முடிஞ்சா அந்த ஒண்ணரை மணி நேரத்தை டீக்கடையிலயோ கண்மாய்க்கரையிலயோ கழிச்சிடுங்க.

அறுவடைக் காலத்துல மக்காச்சோளமும் உளுந்தும் ரோட்டுலயே காயும். அது மேல ஏத்தாதீங்க. சக்கரம் வழுக்கும்ங்கிறது ஒரு காரணம். அது ஒரு குடும்பத்தோட வருஷச் சம்பளம்ங்கிறது பெரிய காரணம். இறங்கித் தள்ளிட்டுப் போனா களத்துல இருக்கிற அக்கா தண்ணி குடுத்து எந்த ஊருன்னு விசாரிப்பாங்க.

ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி சுத்துவட்டாரம் முழுக்கப் பட்டாசு ஆலைகள். காட்டுக்கு நடுவுல தள்ளித் தள்ளி சின்னச் சின்ன ரூம் தெரிஞ்சா அது ஆலைன்னு புரிஞ்சுக்கோங்க. தள்ளித் தள்ளிக் கட்டுறதே ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணுக்குப் பரவக்கூடாதுன்னுதான். அதுக்குப் பக்கத்துல ஓய்வெடுக்கிறது, போட்டோ எடுக்கிறது, சிகரெட் பத்த வைக்கிறது எதுவும் கூடாது. தூரத்துல திடீர்னு சத்தம் கேட்டு, புகை எழும்பினா, வேடிக்கை பார்க்க அந்தப் பக்கம் போகாதீங்க. சைக்கிளை ரோட்டை விட்டு இறக்கி நில்லுங்க. அந்த ஒத்தை ரோட்டுலதான் ஃபயர் சர்வீஸும் ஆம்புலன்ஸும் வரணும். உள்ள இருக்கிறது நம்ம வகுப்புல படிக்கிற யாரோ ஒருத்தரோட அம்மாவா இருக்கலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி

- ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாம, தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிங்க. உப்பு, சர்க்கரை ஒரு பொட்டலம்.
- ரெண்டு பேருக்குக் குறையாம போங்க. வீட்டுல ரூட்டையும் திரும்புற நேரத்தையும் சொல்லிட்டுப் போங்க.
- பிரேக் கட்டையும் செயினும் முந்தின நாளே பாருங்க. பின்னாடி ரிஃப்ளெக்டர் கட்டாயம், தலைக்கு ஹெல்மெட்.
- தலைவலி, குமட்டல், வேர்வை நின்னுபோறது – இதுல எது வந்தாலும் அத்தோட பயணம் முடிஞ்சது. நிழல், தண்ணி, உடனே உதவி. எங்களை மாதிரி "இன்னும் கொஞ்ச தூரம்தான்"னு மிதிக்காதீங்க.
- பத்தரைக்கு மேல ரோட்டுல இருக்கக்கூடாதுன்னு முதல்லயே நேரம் குறிச்சுக்கோங்க. நேரம் வந்துட்டா எங்கே இருந்தாலும் திரும்பணும்.

தை மாசம் நாங்க மறுபடியும் வெம்பக்கோட்டைக்குப் போனோம். போக முக்கால் மணி நேரம் ஆச்சு, வர அரை மணி நேரம். திரும்பும்போது அந்தப் பெரியவர் கடையில நிறுத்தினோம். அடையாளம் தெரிஞ்சுக்கிட்டார். "இப்ப எந்தக் காத்துய்யா?"ன்னு கேட்டார். "வாடை, தாத்தா"ன்னோம். சிரிச்சுட்டு ரெண்டு டீ போட்டார்.